ஒரு மூச்சுக்குத் திறந்த தகடு

கண்ணுகளா,

நீங்கள் இரண்டு பேரும் சின்னவர்களாக இருந்த காலத்தில் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை. திங்கள் முதல் சனி மதியம் வரை வேலை. ஞாயிறு வந்தால், ஊரே வீட்டில் இருக்க, நான் மட்டும் வீடு இருந்த லின்ஃபீல்டிலிருந்து, தொழிற்சாலை இருந்த 'விரி'க்குக் கிளம்பிவிடுவேன். ஏன் போனேன், பிறகு எப்படிப் போகாமல் ஆனேன் என்பதை உங்களுக்கு எழுதி வைக்கத் தோன்றியது. வாயாலும் சொல்லலாம்தான். ஆனால் நான் சொல்ல வரும்போது நீங்கள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்கும்போது நான் அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருக்கிறேன்.

இது ஒரு வால்வைப் பற்றியது. அப்பா படித்தது ஐடிஐ வரைதான், ஃபிட்டர் வேலை. அதனால் இதில் பெரிய கணக்கெல்லாம் வராது. கையால் தொட்டது, காதால் கேட்டது, அவ்வளவுதான். தமிழை நீங்கள் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பீர்கள் என்று தெரியும். மெதுவாகவே படியுங்கள். அவசரம் ஒன்றுமில்லை.

அப்போது நாம் இருந்த வாடகை வீடு உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மரவீடு. குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக வியர்த்துவிடும். துடைக்காமல் விட்டால் சட்டத்தில் பூசணம் பிடிக்கும் என்பதால், விடிகிற நேரத்தில் ஒரு பழைய துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போவேன். உங்கள் அறைக் கண்ணாடிதான் அதிகம் நனைந்திருக்கும். இரண்டு பேர் விடிய விடிய விட்ட மூச்சு அது. துண்டை பாத்ரூம் தொட்டியில் பிழியும்போது, பிள்ளைகளின் மூச்சையல்லவா பிழிகிறோம் என்று தோன்றும். அதற்குப் பிறகு அந்த நாள் முழுக்க உங்களைப் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது கொஞ்சம் கூடுதலாக உறுத்தும்.

வழியில் மாங்கரே பாலத்தில் கார் ஏறும்போது கீழே தண்ணீரும் இருக்காது, கரையும் இருக்காது. எல்லாம் பனி மூட்டம். பாலம் எங்கேயோ வானத்தில் தொடங்கி வானத்திலேயே முடிகிற மாதிரி இருக்கும். தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கும் சத்தம் மட்டும் கேட்கும், விமானம் தெரியாது. நான் பாதித் தூக்கத்தில்தான் இருக்கிறேனோ என்று பலமுறை சந்தேகம் வந்திருக்கிறது.

எங்கள் தொழிற்சாலையில் குளிர்பான பாட்டில் செய்தார்கள். ஒரு கட்டைவிரல் நீளத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் குழாய் வரும். அதைச் சூடாக்கி, அச்சுக்குள் வைத்து, அழுத்தமான காற்றை உள்ளே ஊதினால், பலூன் மாதிரி விரிந்து பாட்டிலாகிவிடும். கண் மூடித் திறப்பதற்குள் நடக்கும். அந்தக் காற்றைத் தருவது பின்னால் தனி அறையில் இருந்த கம்ப்ரஸர். உங்கள் சைக்கிளுக்கு நாம் காற்றடிக்கிற பம்ப் இருக்கிறதே, அதையே ஒரு வேன் அளவுக்குப் பெரிதாக்கி, கைக்குப் பதிலாக மோட்டாரை மாட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பிஸ்டன் போய்ப் போய் வரும். அது பின்வாங்கும்போது ஒரு வால்வு திறந்து வெளிக்காற்று உள்ளே வரும். முன்னேறும்போது அந்த வால்வு மூடிக்கொள்ளும், இன்னொரு வால்வு திறந்து அழுத்திய காற்று வெளியே போகும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த வால்வை யாரும் திறப்பதில்லை என்பது. கார் எஞ்சினில் வால்வைத் திறக்க ஒரு தண்டு இருக்கிறது. இதில் ஒன்றும் கிடையாது. வளையல் மாதிரி ஒரு மெல்லிய எஃகுத் தகடு, அதை அழுத்திப் பிடிக்கச் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள். காற்றே தகட்டைத் தள்ளித் திறந்துகொண்டு போகும். காற்று போய் முடிந்ததும் ஸ்பிரிங் அதை மூடும். நாம் மூச்சு விடுவது மாதிரி, யாரும் சொல்லாமல் தானாக நடப்பது.

அந்தத் தகடுதான் உடைந்துகொண்டே இருந்தது. உடைந்தால் மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் இயந்திரம் நிற்க வேண்டும். இயந்திரம் நிற்பது ஞாயிறு மட்டும். சனிக்கிழமை மதியம் உங்கள் அம்மா சாப்பாடு போடும் நேரத்துக்குச் சரியாக என் போன் அடிக்கும். அம்மா போனைப் பார்க்கமாட்டாள், என்னைப் பார்ப்பாள்.

"ஏனுங்க, நாளைக்கும் போகோணுமா?"

"தகடு போயிருச்சாமா."

"அந்தத் தகட்டையே கட்டிக்கிட்டிருக்கலாமுங்க நீங்க. எனக்கு இந்தக் குளிர்ல வந்து கஷ்டப்படற வேலையாச்சும் மிச்சமாயிருக்கும்."

சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போடுவாள். நீங்கள் இருவரும் ஐபேடை நடுவில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் இருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு உங்களுக்கு நான் ஒரு பொருட்டில்லாமல் போய்விட்டிருந்தேன். அது உங்கள் தப்பு கிடையாது. மழை வருகிற நாளில் வெயிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

எங்கள் பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தார். வெள்ளைக்காரர், ஓய்வு பெறும் வயது, நல்ல மனுஷர். அவருக்கு ஒரு வழக்கம். வால்வு தடதடவென்று சத்தம் போட்டால், "ஸ்பிரிங்கை இன்னும் கெட்டியாகப் போடு" என்பார். அதற்கென்றே கெட்டி ஸ்பிரிங் ஒரு பழைய பிஸ்கெட் டப்பா நிறைய வைத்திருந்தார். ஃபிட்டர்கள் எல்லோருக்கும் இருக்கிற கைப்பழக்கம்தான் அது. கோயமுத்தூரில் பம்ப் கம்பெனியில் எனக்கும் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். ஆடுகிற எதையும் இறுக்கு. எனக்கு முன்னால் இருந்தவர்கள் போட்டார்கள், நான் போட்டேன். ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடக் கொஞ்சம் கெட்டி. சத்தம் சில நாள் அடங்கும். பிறகு மறுபடி தகடு போகும்.

அந்த வருஷம் குளிர் முடிகிற சமயத்தில் புதிதாக ஒரு இன்ஜினியர் வந்தார். மலேசியாவிலிருந்து வந்த தமிழ்ப் பெண். அம்மாவைவிட வயதில் இளையவர். மஞ்சள் வேலை அங்கியும் தனக்குப் பெரிதான ஒரு தொப்பியுமாகக் கம்ப்ரஸர் அறைக்குள் வந்து, சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார்.

"அண்ணே, நீங்க தமிழா?"

"ஆமாங்க. கோயமுத்தூருங்க."

"நான் ஈப்போ. அது சரி, எனக்கு ஏன் இத்தனை 'ங்க' போடுறீங்க? எங்கம்மாவுக்கே நான் இவ்ளோ போட்டதில்ல லா." அவர் ஊரில் பேச்சுக்கு வால் 'லா'.

"எங்கூர்ல பூனையக்கூட 'தள்ளிப் போங்க'ன்னுதாங்க சொல்லுவோம்."

"அப்போ நான் பூனை லெவல். சரி, பரவால்ல. இந்தச் சத்தம் எப்பவும் இப்படியேதானா?"

"நான் வந்ததுல இருந்து இப்படித்தாங்க."

அவர் சிலிண்டரில் ஒரு சென்சாரை மாட்டினார். அதிலிருந்து ஒரு ஒயர் மடிக்கணினிக்குப் போனது. திரையில் ஒரு கோடு, குன்று மாதிரி ஏறி இறங்கியது. ஏறுகிற பக்கம் வழவழப்பாக இருந்தது. உச்சியில் மட்டும் ரம்பப் பல் மாதிரி நெளிநெளியாக இருந்தது.

"இங்க பாருங்கண்ணே. இந்த இடத்துல வால்வு முழுசாத் திறந்து அப்படியே நிக்கணும். நிக்க மாட்டேங்குது. காத்து தள்ளுது, ஸ்பிரிங் திருப்பித் தள்ளுது. மறுபடி காத்து, மறுபடி ஸ்பிரிங். நடுங்கிக்கிட்டே இருக்கு."

எனக்கு உடனே உன் முகம்தான் வந்தது, பெரியவளே. காரில் பின்சீட்டில் உட்கார்ந்து, தூங்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பாய். இமை பாதி இறங்கும், திறப்பாய், மறுபடி இறங்கும். அந்தச் சிலிண்டருக்குள்ளே, ஒவ்வொரு நொடியும், ஒரு தகடு அப்படிப் போராடிக்கொண்டிருந்தது.

"அதனாலதான் உடையுதுங்களா?"

"ஆமா. அடிபட்டு உடையறதா நீங்க நெனச்சீங்க. இது நடுங்கி நடுங்கி ஓஞ்சு போய் உடையுது. அது மட்டுமில்லண்ணே, பாதிதான் திறக்குது. காத்து சந்துல நசுங்கிப் போகுது. இந்தக் குழாய் சூட்டைப் பாருங்க. இது அத்தனையும் வீணாப்போற கரண்ட்."

அந்தக் குழாயில் விரலை ஈரமாக்கி வைத்தால் சுர்ரென்று இழுக்கும். அதன்மேல் அடித்திருந்த சாயம் பழுப்பாகிப் போயிருந்தது. அதெல்லாம் கம்ப்ரஸரின் சுபாவம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்ன யோசனை கேட்கச் சுலபமாக இருந்தது. எஃகுத் தகட்டுக்குப் பதிலாகச் சூடு தாங்குகிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் எடை குறைந்த தகடு. கெட்டி ஸ்பிரிங்குக்குப் பதிலாக மென்மையான ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் தகடு தாமதமாக மூடும், அழுத்திய காற்று திரும்பி வந்துவிடும். அதனால் தகடு எழும்புகிற உயரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், திரும்பி வர வேண்டிய தூரம் குறையும். உயரம் குறைந்தால் வழி குறுகும். அதற்குக் காற்று போகிற துவாரங்களின் கூர் விளிம்புகளை உருட்டி விடவேண்டும், காற்று இடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைந்தது. தொட்டில் கட்டுகிற மாதிரி, நாலு பக்கமும் பார்த்துப் பார்த்துச் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

சூப்பர்வைசர் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார். "பிளாஸ்டிக்," என்றார். கம்ப்ரஸரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "கோடைக்கு ஆர்டர் குவியும். அதற்குள் ஒரு தடவை உடைந்தாலும் பழைய தகடு, பழைய ஸ்பிரிங். அதற்கு மேல் பேச்சில்லை," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உடையாமல் தாங்கினால் ஞாயிறு நீ வரவேண்டாம். வருஷ முடிவில் தொழிற்சாலையை மூடும்போது திறந்து பார்த்தால் போதும்," என்றார்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அன்று பாலத்தில் திரும்பி வரும்போது அந்த ஒரு வாக்கியத்தையே மனதுக்குள் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தேன். ஞாயிறு நீ வரவேண்டாம்.

தகடும் ஸ்பிரிங்கும் வெளியே செய்து வந்தன. உதிரியாக இருந்த வால்வுகளில் துவார விளிம்பை உருட்டுவது என் வேலை. சின்ன சாணைக் கல்லால், மதிய இடைவேளைகளில், ஒவ்வொரு துவாரமாக. விரலை ஓட்டினால் எங்கேயும் தட்டக்கூடாது. அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி ஒரு கனவு வந்தது. நான் சிலிண்டருக்குள் நிற்கிறேன். மேலே கூரையாக அந்தத் தகடு. பயமே இல்லை. தகடு மெல்ல எழும்புகிறது, சுற்றிலும் வளையமாக வெளிச்சம் வருகிறது, என் சட்டை காற்றில் படபடக்கிறது. பிறகு கூரை மூடுகிறது. மறுபடி எழும்புகிறது. உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி ஒரு சத்தம். விழித்துப் பார்த்தால் அது பக்கத்து அறையில் சின்னவனுக்கு அடைத்திருந்த மூக்கு.

வேலை முடிந்த சனிக்கிழமை, பழைய வால்வு ஒன்றையும் புதியது ஒன்றையும் சூப்பர்வைசரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்தேனோ இல்லையோ, அம்மா வந்துவிட்டாள்.

"அந்தக் கிரீஸ் பண்டத்த அக்கட்டால எடுங்க. சோறு திங்கற எடமுங்க அது."

"தொடச்சிட்டேன் புள்ள."

"நீங்க தொடச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்று இரண்டையும் பிடுங்கிக்கொண்டுபோய், பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் ஒற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அவ்வளவு சுத்தமான வால்வை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

எங்கள் தொழிற்சாலைப் பாட்டில் ஒன்றை நடுவில் வெட்டி, வாய்ப்பக்கத்தைப் புனல் மாதிரி பழைய வால்வின்மேல் கவிழ்த்து, டேப் சுற்றினேன். உங்களைக் கூப்பிட்டேன். ஐபேடை விட்டுவிட்டு நீங்கள் வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஊதுங்க. ஊதினா தகடு திறக்கணும்."

சின்னவன் முதலில் ஊதினான். கன்னம் இரண்டும் உப்பி, காது சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தகடு அசையவில்லை. பெரியவளே, நீ அவனைத் தள்ளிவிட்டு ஊதினாய். அசையவில்லை.

"இட்ஸ் புரோக்கன், அப்பா," என்றாய்.

"உடையல. இது இப்படித்தான் இத்தனை நாள் இருந்துச்சு."

புனலைப் புதிய வால்வுக்கு மாற்றினேன். சின்னவன் மறுபடி கன்னத்தை உப்பிக்கொண்டு வந்தான். அவன் ஊதத் தொடங்கும் முன்பே, வாய் வைத்தபோது வந்த மூச்சிலேயே, டிக் என்று ஒரு சத்தம். தகடு எழும்பிவிட்டது. அவன் பயந்து வாயை எடுத்தான். மூடிக்கொண்டது. திரும்ப வைத்தான். டிக். அதற்குப் பிறகு நீங்கள் விடவில்லை. மாறி மாறி ஊதினீர்கள். மெதுவாக, இன்னும் மெதுவாக, எவ்வளவு சின்ன மூச்சுக்குத் திறக்கிறது என்று பந்தயம். கடைசியில் அம்மாவையும் கூப்பிட்டீர்கள். அவள் முந்தானையால் விளிம்பைத் துடைத்துவிட்டு, குனிந்து, கொதிக்கிற பாலை ஆற்றுவது மாதிரி லேசாக ஊதினாள். டிக்.

"இதுக்கா இத்தனை ஞாயித்துக்கெழம போச்சு," என்றாள்.

அடுத்த நாள் ஞாயிறு, நானும் இன்ஜினியரும் புதிய வால்வுகளை மாட்டினோம். திங்கள் காலையில் ஓட்டினோம். தடதடப்பு இல்லை. தண்ணீருக்கு அடியில் யாரோ தாளம் போடுவது மாதிரி, மங்கலாக, சீராக ஒரு சத்தம். நான் மோட்டார்மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். இன்ஜினியர் திரையைப் பார்த்தார். உச்சியில் இருந்த ரம்பப் பல் போய், கோடு வழவழவென்று திரும்பி இறங்கியது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அப்போது முன்பக்கத்தில் பாட்டில் இயந்திரம் நின்றுவிட்டது.

ஓடினோம். பாட்டில் பகுதியில், பாதி விரிந்த பாட்டில்கள் கசங்கிய கைக்குட்டை மாதிரி அச்சுகளில் தொங்கிக்கொண்டிருந்தன. சூப்பர்வைசர் எங்களுக்கு முன்பே அங்கே வந்திருந்தார். "பிளாஸ்டிக்," என்றார் மறுபடியும்.

பாட்டில் இயந்திரத்தை ஓட்டியவர் டோங்கா தீவுக்காரர். கதவு அளவு தோளும், தேவாலயத்தில் பாடுகிற குரலும் உள்ளவர். அவர் கையைத் தூக்கினார்.

"நான்தான் நிறுத்தினேன், ப்ரோ. கம்ப்ரஸர் செத்துப்போச்சுன்னு நினைச்சேன்."

"ஏன்?"

"சத்தமே வரலையே. வருஷக்கணக்கா முதுகுக்குப் பின்னால கேட்டுக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு போயிட்டா மனுஷன் பயப்படமாட்டானா? எங்கம்மா குறட்டையை நிறுத்தினா நான் எழுந்துபோய்ப் பார்ப்பேன்."

இன்ஜினியர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்பு. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. ஆனால் அவரே போய் ஸ்விட்சைப் போட்டார்.

அதற்குப் பிறகும் என் ஞாயிறு உடனே வந்துவிடவில்லை. முதல் சில வாரம் திறந்து பார்த்துவிடு என்றார் சூப்பர்வைசர். போனேன், திறந்தேன். தகடு போட்டபடியே இருந்தது, எண்ணெய் படிந்து லேசாக மினுங்கிக்கொண்டு. மூடிவிட்டு வந்தேன். சுவரில் இருந்த மின்சார மீட்டரின் முள் முன்பு நின்ற இடத்துக்கு இப்போது எட்டவே இல்லை. ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்த மோட்டார், தேவையான அழுத்தம் சீக்கிரம் வந்துவிடுவதால், நடுநடுவே பாரம் இறக்கி இளைப்பாறியது. நானும் அதன் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து இளைப்பாறுவேன். "நேற்றுத் திறந்ததே கடைசி. வருகிற ஞாயிறிலிருந்து திறக்க வேண்டாம்," என்றார் சூப்பர்வைசர் ஒரு திங்கட்கிழமை. அம்மாவிடம் சொன்னேன். "வரட்டும், பாக்கலாம்," என்றாள். நம்பிவிட்டால் ஏமாந்துபோவோம் என்று அவளுக்குப் பயம்.

அந்த வெள்ளிக்கிழமை, கம்ப்ரஸர் அறையில் ஒரு தட்டல் கேட்டது.

டொக். கொஞ்சம் விட்டு, டொக். சூப்பர்வைசர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அலமாரியைத் திறந்து, அந்த பிஸ்கெட் டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார்.

"வால்வுதான். ஞாயிறு வந்து கெட்டி ஸ்பிரிங் போட்டுவிடு, நண்பா. இனி பழையபடி."

டப்பா கனமாக இருந்தது. என் கை தானாகவே மூடியைத் திறந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம். சத்தம் கேட்டால் இறுக்கு. அந்த நேரத்தில் எனக்கு உங்கள் மூன்று பேர் மேலேயும் கோபம் வந்தது, ஏனென்று தெரியாது. ஞாயிறு வீட்டில் இருப்பேன் என்று அம்மாவிடம் சொல்லித் தொலைத்துவிட்டேனே என்பதால் இருக்கும்.

இன்ஜினியர் வந்தார். மூடி திறந்திருந்த டப்பாவைப் பார்த்தார்.

"அண்ணே, போட்டுடாதீங்க. ஒரு நிமிஷம்." சென்சாரை மாட்டித் திரையைத் திருப்பிக் காட்டினார். "புது வால்வு மாட்டி ஓட்டின முதல் நாள் வந்த கோடும் இதும் ஒண்ணுபோல இருக்கா இல்லையா? வால்வு தட்டினா இதுல தெரியணும். தெரியல. இது வால்வு இல்ல."

"அப்பறம் எதுங்க தட்டுது?"

"தெரியல லா."

சூப்பர்வைசரிடம் அவர் மதியம் வரை நேரம் கேட்டார். நானும் அவரும் தேடினோம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இரும்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தால் உள்சத்தம் கேட்கும். சிலிண்டர் தலையில் வைத்தேன், ஒன்றுமில்லை. பேரிங்கில் வைத்தேன், ஒன்றுமில்லை. அவர் மடிக்கணினியைத் தரையில் வைத்துவிட்டு இயந்திரத்துக்கு அடியில் படுத்தே பார்த்தார். டொக். எங்கிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை. எல்லா இடத்திலும் கேட்பது மாதிரியும் எங்கேயும் இல்லாதது மாதிரியும் இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் டோங்காக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு நான் எதையும் நிறுத்தலை," என்றார் முன்னெச்சரிக்கையாக. உள்ளே வந்து, கேக் டப்பாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையைச் சுவரோரம் போகும் தண்ணீர்க் குழாய்மேல் ஊன்றிச் சாய்ந்தார். தட்டல் நின்றது.

மூன்று பேரும் அசையவில்லை.

"கையை எடுங்க," என்றார் இன்ஜினியர்.

எடுத்தார். டொக்.

"வைங்க."

நின்றது.

"நான் என்ன செஞ்சேன்?" என்றார் அவர், பாவமாக.

சிலிண்டரைக் குளிர்விக்கிற தண்ணீர் போகிற குழாய் அது. சுவரில் பிடித்திருந்த கிளாம்ப் தளர்ந்திருந்தது. அது புதிதாகத் தளர்ந்ததில்லை. துரு ஏறிய பழைய தேய்வு. பல வருஷமாகத் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வால்வின் தடதடப்பு இருந்தவரை அது யார் காதிலும் விழவில்லை. பெரிய சத்தம் அடங்கிய பிறகுதான் இந்தச் சின்னச் சத்தத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் உங்களுக்குத் தெளிவாகச் சொல்ல ஆசை. வீட்டிலும் இப்படி நடக்கும்.

ஒரு ரப்பர் துண்டை வைத்துக் கிளாம்ப்பை முடுக்கினேன். இந்தத் தடவை இறுக்க வேண்டியதை இறுக்கினேன். சூப்பர்வைசர் வந்து, நின்று, கேட்டார். டப்பாவை என்னிடமிருந்து வாங்கி, மூடியை அழுத்தி மூடி, அலமாரியில் வைத்தார். போகிற போக்கில், "திங்கட்கிழமை பார்ப்போம்," என்றார்.

நான் வீடு வந்து சேரும்வரை அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு முழுசாக உறைக்கவில்லை. திங்கட்கிழமை பார்ப்போம் என்றால், ஞாயிறு பார்க்க வேண்டாம் என்று அர்த்தம்.

சனிக்கிழமை மதியம் போன் அடிக்கவில்லை. அம்மா அதைச் சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில், கண்ணில் படுகிற மாதிரி வைத்திருந்தாள். அதையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

ஞாயிறு விடிந்தது. பழக்க தோஷத்தில் சீக்கிரம் விழித்துவிட்டேன். அம்மா எழவில்லை. இத்தனை ஞாயிறும் தனியாக உங்களைச் சமாளித்தவள், சுவர்ப்பக்கம் திரும்பி, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். நான் தோசைக் கல்லைப் போட்டேன். பெரியவளே, நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் நின்றாய். என்னையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாய்.

"அப்பா, ஆர் யூ சிக்?"

"இல்ல கண்ணு. லீவு."

"ஓ." கல்லில் இருந்த தோசையைப் பார்த்தாய். "அப்போ நாம என்ன பண்றது?"

எனக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று நான் யாரிடமும் கேட்டு வைத்திருக்கவில்லை. தோசை தீய்ந்தது. சின்னவன் வந்தான், தீய்ந்ததே வேண்டும் என்று வாங்கித் தின்றான். பிறகு மூவரும் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, தெரு முடிவில் இறங்கும் படிகள் வழியாக, மரங்களுக்கு நடுவே, கீழே கடலோரம் போனோம். அலை வற்றியிருந்தது. நனைந்த சேறு வெகுதூரம் வெள்ளியாகப் பரந்து கிடந்தது. வானம் எது, தரை எது என்று பிரிக்க முடியவில்லை. நீங்கள் அதற்குள் ஓடினீர்கள். தூரம் போகப் போகச் சின்னதாகி, இரண்டு புள்ளிகளாகி, உங்கள் குரல் மட்டும் பெரிதாகவே திரும்பி வந்தது. நான் ஒரு பாறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் என்னை எங்கேயும் கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியதும் நீங்களே ஓடி வந்தீர்கள். சேற்றில் ஷூ ஒன்று மாட்டிக்கொண்டது என்று சின்னவன் அழுதான். நாம் மூவரும் சேர்ந்து இழுத்தோம். சளக்கென்று வந்தது. அவன் அழுகை பாதியிலேயே சிரிப்பாக மாறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உங்களைத் திட்டிக்கொண்டே பாத்ரூமுக்குள் தள்ளினாள். குளித்துவிட்டு வந்து, சாப்பிட்டு, சோபாவிலேயே ஒருவர்மேல் ஒருவர் கால் போட்டுத் தூங்கிவிட்டீர்கள். அம்மா உங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

நான் பின்பக்கம் போனேன். வாசலில் உங்கள் ஷூக்கள் சேறு அப்பிக் கிடந்தன. தோட்டக் குழாயைத் திறந்து, ஒவ்வொன்றாக உள்ளே தண்ணீர் விட்டு, விரலால் மணலை வழித்தேன். லேஸைக் கழற்றித் தனியாகக் கசக்கினேன். பிறகு அவற்றை, நுனி மேலே பார்க்க, வேலிக் கட்டைகளின் மேல் கவிழ்த்து மாட்டினேன்.